வெளியே அனுப்பிய மாஸ்டருக்கு நாங்கள் எழுதிய கடிதம்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு நான் ஆறு வருஷம் செயலாளராக இருந்தேன். என்னைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம் எனக்கு ஜேர்மன்காரரின் டொச் மொழி எழுத வரும் என்பதுதான். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. மண்டபம் கேட்டு நகரசபைக்குக் கடிதம், மண்டபத்தில் கண்ணாடி உடைந்தால் மன்னிப்புக் கடிதம், கூட்டக் குறிப்பு எல்லாம் என் தலையில்தான்.

பெண்பிள்ளைகளின் வலைப்பந்து அணியைப் பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தார். அவர் வருவதற்கு முன்னர் எங்கள் அணி எந்தப் போட்டிக்குப் போனாலும் மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடும். அவர் வந்த இரண்டாம் வருஷமே கோப்பை எடுத்தோம். அணித் தலைவி என் மகள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

மாஸ்டர் அடிப்பார். ஒளித்து மறைத்து அல்ல. கன்னத்தில் அறைவார், காதைத் திருகுவார், பந்தை முகத்துக்கு நேரே எறிவார். சுவரோர வாங்கில் தேத்தண்ணிப் போத்தலோடு உட்கார்ந்திருந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் ஒரு தகப்பன் அங்கிருந்தே, "இன்னும் ரெண்டு போடுங்கோ மாஸ்டர், வீட்டில எங்கட சொல்லுக் கேக்கிறாளில்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம் என்ற சிரிப்பு அது. என் மகளை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அவள் நன்றாக விளையாடுகிறாள், அதனால்தான் என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்த வருஷம் புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். பதினொரு வயது, மெல்லிய உடம்பு, தடித்த கண்ணாடி. தகப்பன் இல்லை. தாய் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். பிள்ளை தனியாகப் பஸ்ஸில் வந்து தனியாகப் போவாள். அவளுடைய ஆள் என்று சொல்ல வாங்கில் ஒருவரும் இருப்பதில்லை. அதை மாஸ்டர் கவனித்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பந்து கைக்கு வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முகத்துக்கு நேரே எறிந்து எறிந்து அப்படிப் பழக்கியது மாஸ்டர்தான். மாஸ்டர் அவளுக்கு "கண்ணாடிப் பெட்டி" என்று பட்டம் வைத்தார். மற்றப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் மகள் வீட்டில் வந்து அந்தப் பிள்ளை பந்து பிடிப்பதை நடித்துக் காட்டினாள். சோறு போட்டுக்கொண்டு நின்ற நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒரு ஞாயிறு நான் பயிற்சிக்குப் போகவில்லை. ஆறரை மணிபோல வீட்டுக்குப் போன் வந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர். மண்டப ஒப்பந்தத்தில் இருந்தது என்னுடைய நம்பர்.

"உங்கள் ஆட்கள் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார். "உடனே வாருங்கள்."

ட்ராம் பிடித்துப் போனேன். மண்டபத்தின் நடுவில் ஒரு மெத்தையில், ஹவுஸ்மைஸ்டரின் பெரிய குளிர் கோட்டுக்குள் அந்தப் பிள்ளை இருந்தாள். காற்சட்டை நனைந்திருந்தது. கை மொளிகளில் தோல் உரிந்திருந்தது. பந்தை மூன்று தரம் தவறவிட்டதற்காக அவளை விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். உள்ளே லைட் போட வழியில்லை. பயிற்சி முடிந்தது, எல்லோரும் போனார்கள். அவளை ஒருவரும் நினைக்கவில்லை. இரண்டரை மணித்தியாலம்.

"வெளியில் தாழ்ப்பாள் போட்டிருந்தது" என்றார் ஹவுஸ்மைஸ்டர். வயதான மனுஷன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். "மறந்துபோனோம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். இனி அந்த ஆள் இந்த மண்டபத்துக்குள் கால் வைத்தால் நான் போலீசைக் கூப்பிடுவேன்."

பிள்ளை என் கையைப் பிடித்தாள். "அன்ரி, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. சொன்னா மாஸ்டர் என்னை ரீமில இருந்து எடுத்துப்போடுவார்."

அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாய் வேலை முடிந்து அப்போதுதான் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். "தவறுதலாக் கதவு பூட்டுப்பட்டுப்போச்சு, பிள்ளை கொஞ்சம் பயந்திட்டாள்" என்றேன். தாய் என் இரண்டு கையையும் பிடித்து, "பெரிய உபகாரம் அக்கா. நீங்கள் இல்லாட்டி என்ன செய்திருப்பன்" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். தான் கேட்டுக்கொண்ட பொய்யை நான் இவ்வளவு சுகமாகச் சொல்வேன் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன்.

"கதவைச் சாத்தினது ஆர்?"

"நான். மாஸ்டர் சொன்னவர், நீதானே கப்டன், பூட்டு எண்டு."

"பிறகு ஏன் திறக்கேல்லை?"

"அவள் தட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. பிறகு நாங்கள் மச் விளையாடத் தொடங்கீட்டம். பிறகு பாத்தா சத்தம் இல்லை."

அவளுடைய முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. கையில் டெலிவிஷன் றிமோட்டை வைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் ஒரு தாயாக அந்த இடத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "இதை ஒருத்தருக்கும் சொல்லாதே."

இரண்டு நாள் கழித்து நிர்வாகக் குழு தலைவரின் வீட்டில் கூடியது. தலைவர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வேண்டியவர். ஐந்து பேர் இருந்தோம். ஹவுஸ்மைஸ்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மண்டபம் போனால் கோடைப் போட்டிக்கு எங்கே பயிற்சி எடுப்பது என்பதுதான் அன்றைய கதை.

"ஆளை நிப்பாட்டுவம்" என்றார் தலைவர். "ஆனா மரியாதையா நிப்பாட்டுவம். எங்களுக்குக் கோப்பை எடுத்துத் தந்த மனுசன்."

நான் மெதுவாகச் சொன்னேன்: "யூகன்ட்அம்ற்றில ஒருக்காக் கேட்டா என்ன? பிள்ளையளின்ர விசயம் பாக்கிறது அவைதானே. நகரசபையின்ர ஒஃபிஸ்தான்."

"என்னத்துக்கு? அவங்கள் வந்து எங்கட பிள்ளையளைப் பிடுங்கிக்கொண்டு போறதுக்கோ?" என்று பொருளாளர் பாய்ந்தார். "ஆரார் கதவைச் சாத்தினது எண்டு விசாரிச்சா எங்க போய் நிக்கும் தெரியுமோ அக்கா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவர் என்னை மடக்கியதில் எனக்கு ஒரு நிம்மதிதான்.

கூட்டக் குறிப்பில் நான் எழுதினேன்: பயிற்றுநர் சொந்தக் காரணங்களுக்காகப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்து, மாஸ்டர் கேட்டுக்கொண்டபடி டொச்சிலும் தமிழிலும் ஒரு நன்றிக் கடிதம். "பிள்ளைகளிடம் அன்பும் பொறுமையும் கொண்டவர். இவரை இழப்பது எமக்குப் பேரிழப்பு." முதியோர் இல்லத்தில் ஒரு கிழவியின் கையில் நாணயமளவு கன்றிய நீலம் கண்டால், எத்தனை மணிக்குக் கண்டேன், எந்தப் பக்கம், என்ன நிறம், பக்கத்தில் யார் நின்றது என்று எழுதிக் கையெழுத்து வைக்காமல் நான் வீட்டுக்கு வர ஏலாது. அதே நாள் காலையில்கூட அப்படி ஒன்று எழுதிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பிரியாவிடை ஒன்றும் வைத்தோம். வேறொரு மண்டபத்தில், வடையும் கேக்கும் வைத்து. தலைவர் பொன்னாடை போர்த்தினார். பூச்செண்டு கொடுக்க அணியில் ஆகச் சின்னப் பிள்ளை வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆகச் சின்னவள் அவள்தான். தாய் அவளுக்குப் புதுச் சட்டை போட்டு, மாஸ்டருக்கு நன்றி சொல்லிப்போட்டு வா என்று அனுப்பியிருந்தாள். பிள்ளை பூச்செண்டோடு நடந்து போனாள். மாஸ்டர் குனிந்து வாங்கி, அவளுடைய கன்னத்தில் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினோம். படம் எடுத்தவர், "பிள்ளை, கண்ணைத் திற" என்று இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

நாலைந்து மாதம் போனபின் பீலெஃபெல்ட்டில் இருந்து ஒருவர் போன் எடுத்தார். அங்குள்ள தமிழ்க் கழகத்தின் செயலாளர். மிக மரியாதையாகக் கதைத்தார்.

"அக்கா, மாஸ்டர் இஞ்சால வீடு மாறி வந்திருக்கிறார். எங்கட பிள்ளையளைப் பழக்கக் கேட்டிருக்கிறம். நீங்கள் குடுத்த கடிதம் பாத்தனான். இப்பிடி ஒரு ஆளை ஏன் விட்டனீங்கள்?"

"வேலை நேரம் அவருக்கு ஒத்துவரேல்லை."

"ஆள் எப்பிடி?"

அந்தக் கேள்வி வந்தபோது நான் குசினியில் அடுப்படியில் நின்றேன். மகள் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளும் தலையை நிமிர்த்தினாள்.

"கண்டிப்பான ஆள்" என்றேன். "நல்ல கண்டிப்பு."

"அப்பிடி ஒராளைத்தான் அக்கா தேடிக்கொண்டிருந்தனாங்கள்" என்று சிரித்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், புத்தியுள்ளவன் என்றால் விளங்கிக்கொண்டிருப்பான் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எச்சரித்துவிட்டேனாம்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலை வாசல் மணி அடித்தது. அறிமுகமில்லாத ஒரு மனுஷன். நாற்பது வயது இருக்கும். பீலெஃபெல்ட்டிலிருந்து ரெயினில் வந்திருந்தார். தளபாடத் தொழிற்சாலையில் வேலை என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் கழகத்தின் முத்திரை. என் கையெழுத்து.

"இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

"படியுங்கோ."

எனக்கு விளங்கவில்லை. "அண்ணை, என்ன நடந்தது?"

"முதல்ல படியுங்கோ."

படித்தேன். அன்பும் பொறுமையும் கொண்டவர் என்ற இடத்தைத் தாழ்ந்த குரலில் வேகமாகக் கடந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாப் படியுங்கோ" என்றார் அவர். "என்ர மகளுக்கு இடப்பக்கம் காது கேக்காது. வீட்டில நாங்கள் இப்ப எல்லாத்தையும் சத்தமாத்தான் வாசிக்கிறனாங்கள்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பயிற்சிக்குப் பிந்தி வந்ததற்காக மாஸ்டர் ஓங்கி அறைந்திருக்கிறார். காதிலிருந்து இரத்தம் வந்திருக்கிறது. பந்து பட்டது என்று சொல்லச் சொல்லிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பிள்ளையும் அப்படியே சொல்லியிருக்கிறாள். காதில் சீழ் வைத்த பிறகுதான் டொக்டரிடம் போனார்கள். இரண்டு ஒப்பரேஷன். அந்தக் காது திரும்பவில்லை.

நான் அழத் தொடங்கினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட அழுகை எனக்கு வேண்டாம்" என்றார். "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இந்த ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

அவர் தாளை உறைக்குள் போட்டார். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டேன். அப்படியும் ஒரு கேள்வி கேட்டேன். அவர் எழும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நான் யூகன்ட்அம்ற்றுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, தாழ்ப்பாள், கடிதம், போன், என் மகள். அவள் எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் நான் கேட்டேன்: "இப்படி ஒரு ஆளை நிப்பாட்டினால் கழகம் உங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?"

"இல்லை" என்றாள். "உங்களுடையது போன்ற கழகத்துக்கு அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை."

எனக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. அதை அவள் கண்டுவிட்டாள்.

"உங்களுக்குக் கட்டாயம் இல்லை" என்று திரும்பவும் சொன்னாள். "அந்தப் பிள்ளைக்குத்தான் வேறு வழி இருக்கவில்லை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால், பெயர் சொல்லாமல்கூட, என்ன செய்வது என்று சொல்லியிருப்போம்." பேனையை மூடி வைத்தாள். "அறிவிக்கவில்லை என்பதை விடுங்கள். அந்தப் புகழ்ச்சியை யார் கேட்டது?"

பிறகு போலீசில் வாக்குமூலம். என் மகளையும் கூப்பிட்டார்கள். அதற்குள் அவளுக்குப் பதினாறு. போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். வேண்டியதை டொச்சில் ஒரு துண்டில் எழுதி பிரிட்ஜில் ஒட்டுவாள்.

முதல் பிள்ளையின் தாய்க்கும் போலீஸ் மூலம்தான் உண்மை தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர்கள் இருந்தது ஆறாம் மாடி. கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"லிஃப்டில வந்தனீங்களோ?"

"ஓம்."

"என்ர பிள்ளை லிஃப்டில ஏறமாட்டாள். ரெண்டு வருசமா நடந்துதான் ஏறுறாள். பள்ளிக்கூடத்தில ரொய்லெட் கதவு பூட்டமாட்டாள். ஏன் எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. கேட்டுக் கேட்டு, சொல்லாததுக்கு நானும் அடிச்சனான்." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்கு நன்றி சொன்னனான் அண்டைக்கு. ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"அதைத் திரும்பத் தாங்கோ" என்றாள். அவள் கதவைச் சாத்தினாள்.

நீதிமன்றத்தில் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஊரில் இப்படித்தான் பழக்கினோம், இங்கத்தைய முறை தெரியாது என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். தண்டனையை ஒத்திவைத்தார்கள். சிறைக்குப் போகவில்லை. வெளியில் எங்கள் ஆட்கள் சிலர் அவரோடு கை குலுக்கினார்கள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள், தொற்று வியாதிக்காரிக்கு விடுவதுபோல.

அடுத்த மாதம் கழகத்தின் பொதுக்கூட்டம். தலைவர் எழுந்து, எங்கள் வீட்டு விஷயத்தை டொச்காரனின் மேசையில் கொண்டுபோய் வைத்த ஒருவர் பொறுப்பில் இருக்கலாமா என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. "இன்னும் ரெண்டு போடுங்கோ" என்று அன்று சொன்ன தகப்பனின் கையும் உயர்ந்தது. எனக்காக ஒரு கை இருக்கும் என்று சுற்றிப் பார்த்தேன். இருக்கவில்லை.

அதோடு விடவில்லை. என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதி, ஜேர்மனியில் அவர்களுக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்க் கழகங்களுக்கும் அனுப்பினார்கள். நான் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டேன், சமூகத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவள், எந்தக் கழகமும் என்னைச் சேர்க்குமுன் யோசிக்கவேண்டும் என்று. திகதி, காரணம், கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. கழகத்தால் நீக்கப்பட்டவரைப் பற்றி மற்றவர்களுக்கு எப்படி அறிவிப்பது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நான் இருந்த காலத்தில் நாங்கள் அப்படி ஒரு தெளிவான கடிதம் எழுதியதே இல்லை.

சில வருஷம் கழித்து, மாஸ்டர் பிராங்பேர்ட் பக்கம் போய்விட்டார், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறார் என்று எங்கள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வரும் ஒரு தமிழ்ப் பெண் சொன்னாள். அவரிடம் போலீஸ் நற்சான்றுப் பத்திரம் எதுவும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தக் கழகத்தின் நம்பரைத் தேடி எடுத்தேன். ஒரு இளம் ஆண் குரல். என் பெயரைச் சொல்லி, விஷயத்தை முழுதாகச் சொன்னேன். இந்தமுறை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. காது போன பிள்ளையைச் சொன்னேன், தண்டனையைச் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "உங்கட பேர் எனக்குத் தெரியும் அக்கா" என்றார். "உங்களைப் பற்றி எங்களுக்கு முதலே கடிதம் வந்திருக்கு."

வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், எடுக்கவில்லை.

அந்த நகரத்து யூகன்ட்அம்ற்றுக்கு அன்றே எழுதினேன். என்ன நடந்தது, எங்கே, யார் பார்த்தது, நான் என்ன செய்யவில்லை என்று இரண்டு பக்கம். கிடைத்தது, கவனிக்கிறோம் என்று நாலு வரிப் பதில் வந்தது. அதற்குமேல் எனக்குச் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லையாம். அங்கே ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.